கட்டிற்காலில் தொங்கும் பை

திருச்செந்தூரில் நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தபால் இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, விசுவரூப தரிசனத்துக்குப் போய் நிற்பது அவருடைய நித்திய வழக்கம். மழையும் காற்றும் அதைத் தடுத்ததில்லை. அப்படிப்பட்டவரை ஆறு வாரமாகச் சந்நிதித் தெருவில் காணோம். உடம்பு சௌக்கியமில்லையோ என்று நாம் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனோம்.

"அண்ணாச்சி, கோயில் பக்கமே வரக் காணோமே?" என்றோம்.

அவர் பதில் சொல்லாமல் கட்டிலின் காலைக் காட்டினார். அங்கே ஒரு கொக்கியில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் போர்வைக்குள்ளே போயிற்று.

"இந்த மூத்திரப் பையைச் சுமந்துகொண்டா தம்பி முருகன் முன்னால் போய் நிற்பேன்?" என்றார். குரல் உடைந்திருந்தது.

புராஸ்டேட் என்னும் கோளம் முதுமையில் வீங்கி மூத்திர வழியை நெரிப்பது ஆண்களில் அநேகருக்கு நேரும் சங்கடம். மருந்தாலும் சஸ்திர சிகிச்சையாலும் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும். ஆனால் நம் பெரியவருக்கு இருதயம் பலஹீனம். மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்கினார்கள். ஆகவே குழாயைப் பொருத்தி, பையை மாட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். மருந்துச் சீட்டில் ஐந்து மாத்திரைகளின் பெயர் இருந்தது. பையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நாம் விடைபெற்று எழுந்தபோது அவருடைய மருமகள் வாசல்வரை வந்தாள். எம்.காம். படித்த பெண். "சார், நீங்கள் சயன்ஸ் பாடம் எடுக்கிறவர்களாயிற்றே. இதை எதைக் கொண்டு கழுவ வேண்டும்? பக்கத்து வீட்டில் பினாயில் என்கிறார்கள், மருந்துக் கடையில் டெட்டால் என்கிறார்கள், என் அம்மா வெந்நீர் என்கிறாள்" என்று மெல்லிய குரலில் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக ரசாயனம் போதிக்கும் நமக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கமே இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம். பிறகு நாம் ஒரு டாக்டர் நண்பரையும், வெகு காலம் வார்டில் உழைத்த ஒரு நர்ஸ் அம்மையாரையும் விசாரித்தோம், புஸ்தகங்களையும் புரட்டினோம். அறிந்ததை நேயர்களுக்குச் சொல்லுகிறோம். முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். எந்த வீட்டுக்கும் நாளைக்கே இந்தப் பை வரக்கூடும்.

குழாய் புதிதன்று. பொன், வெள்ளி, இரும்பு, மரம் இவற்றால் செய்த குழாய்களில் நெய் தடவி மூத்திர வழியில் செலுத்தும் முறையைச் சுசுருதர் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின், கல்லடைப்பால் துன்புற்ற தம் தமையனுக்காக 1752-இல் வளையக்கூடிய வெள்ளிக் குழாய் ஒன்றைத் தட்டானைக் கொண்டு செய்வித்தார். ஆனால் இவையெல்லாம் உள்ளே விட்டு, நீரை வடித்து, உடனே வெளியே எடுத்துவிடும் குழாய்கள். உள்ளேயே தங்கி நிற்கும் குழாய் வந்தது 1930-களில். பிரெடெரிக் போலி என்ற அமெரிக்க வைத்தியர் ரப்பர்க் குழாயின் நுனியில் சிறு பலூன் ஒன்றை அமைத்தார். உள்ளே போனபின் அதில் கொஞ்சம் நீரை ஏற்றினால் பலூன் உப்பி, குழாய் நழுவாமல் நிற்கும். இன்றும் ஆஸ்பத்திரிகளில் 'போலி' என்றுதான் அதைக் கேட்கிறார்கள். தமிழில் அந்தப் பெயர் சற்று விபரீதமாகத்தான் ஒலிக்கிறது. என்ன செய்வது!

குழாய் வந்துவிட்டது, நீர் எங்கே போய் விழுவது? பல வருஷ காலம் கட்டிலடியில் திறந்த கண்ணாடி ஜாடி ஒன்றை வைத்துக் குழாயின் நுனியை அதில் விட்டிருந்தார்கள். ஜாடியில் கிருமிகள் பெருகி, குழாயின் வழியே மேலேறி, நான்கு நாளைக்குள் அநேகமாக ஒவ்வொரு நோயாளிக்கும் மூத்திரத்தில் கிருமி கண்டுவிடும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் கத்பர்ட் டியூக்ஸ் என்பவர் 1928-லேயே மூடிய பாத்திரத்தில் நீரை வடித்து இதைத் தடுக்கலாம் என்று எழுதினார். உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1966-இல் அமெரிக்காவில் கால்வின் குனினும் அவருடன் உழைத்த மக்கார்மக்கும் மறுபடி அதையே நிரூபித்துக் காட்டிய பிறகுதான் ஜாடி ஒழிந்து பை வந்தது. நடுவே முப்பத்தெட்டு வருஷம்! அந்த இடைக்காலத்தில் ஜாடியால் ஜுரம் கண்டு மாண்டவர்கள் எத்தனையோ பேர்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. உள்ளே இருக்கும் மூத்திராசயத்திலிருந்து வெளியே தொங்கும் பையின் அடிவரை எங்கும் திறவாத ஒரே வழியாக இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். குழாயையும் பையையும் பிரிக்கும்போதெல்லாம் ஒரு கதவைத் திறக்கிறோம். மருமகப்பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? சுத்தத்தில் உள்ள சிரத்தையினால் காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளையும் பையைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தாள். எச்சில் பாத்திரத்தை மூன்று வேளை துலக்குவதுபோல! அவளைக் குறை சொல்ல மாட்டோம். யாரும் சொல்லித்தராதபோது அவள் வேறென்ன செய்வாள்? ஆனாலும் அந்த அதிகச் சுத்தமே ஆபத்து.

அப்படியானால் பையைக் கழுவவே கூடாதா என்றால், இதில் தேசத்துக்குத் தேசம் அபிப்பிராயம் மாறுகிறது. இங்கிலாந்தில் பகலில் காலில் கட்டிக்கொள்ளும் சிறு பையை ஏறக்குறைய ஒரு வாரம் கழற்றாமல் வைத்து, பிறகு எறிந்துவிடுகிறார்கள். இரவுக்கென்று ஒரு பெரிய பையைச் சிறு பையின் அடிக்குழாயோடு இணைத்து, காலையில் பெரும்பாலும் அதையும் எறிந்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலோ, முதுகெலும்பு முறிந்து வருஷக் கணக்கில் குழாயுடன் வாழ்கிறவர்கள் பையைக் கழுவித் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் முறை உண்டு. வீட்டுப் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தினம் ஒரு முறை கழுவினால் பை நான்கு வாரம் வரை தாங்கும் என்று 1993-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நம் நாட்டில் ஒரு பையின் விலை, ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை அளவு இருக்கும். தினம் ஒன்று எறிவதென்றால் மாதம் முப்பது சாப்பாடு. ஓய்வூதியக்காரர் வேண்டுமானால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பார். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர் வீட்டில் முடியுமா? ஆகவே நம் ஜனங்கள் கழுவத்தான் செய்வார்கள். கழுவாதே என்று உபதேசம் செய்வதைவிட எப்படிக் கழுவுவது என்று சொல்லித்தருவதே பிரயோஜனம் என்பது நம் கட்சி.

நர்ஸ் அம்மையார் இரண்டு முறைகளையும் இணைத்து ஒரு வழி சொன்னார். நமக்கு அது மிகவும் பிடித்தது. உடம்பை ஒட்டிய குழாயில் காற்பையை மாட்டிவிட்டு, அந்த இணைப்பைத் தொடாமல் ஐந்து முதல் ஏழு நாள் விட்டுவிட வேண்டும். இரவில் அதன் அடிக்குழாயைப் பெரிய பையுடன் சேர்த்துத் திறந்துவிட்டால், நீர் இரண்டையும் கடந்து பெரிய பையில் சேரும். காலையில் பெரிய பையை மட்டும் கழற்றிக் கழுவினால் போதும். மேல் கதவு மூடியே இருக்கும். வாங்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று சேருகிறதா என்று கடையிலேயே பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா நுனியும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை.

கழுவும் விதம் இது. முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளவேண்டும். கையுறை இருந்தால் நல்லது. பையிலுள்ள நீரைக் கழிவறையில் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்கி இரண்டு முறை அலச வேண்டும். தண்ணீர் குளிர்ந்ததாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கலாம். கொதிநீர் கூடாது, பை சுருங்கி ஒட்டிக்கொள்ளும், வால்வு கெடும். நம் கடற்கரைப் பக்கத்தில் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்க வரும் குழாய்த் தண்ணீரையே இதற்கு எடுக்கலாம். கடலுக்கு அருகே நன்னீர் ஊறும் நாழிக்கிணறு எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இராதல்லவா!

அலசியபின், மேலே சொன்ன ஒன்றுக்குப் பத்துப் பிளீச் நீரில் கொஞ்சம் எடுத்து, குழாய் வழியாகவே பைக்குள் விட்டு, எல்லா மூலையும் நனையும்படி அரை நிமிஷம் நன்றாகக் குலுக்கி, அடிக்குழாய் வழியே வடித்துவிட வேண்டும். குழாயின் உட்புறமும் நனைவது முக்கியம். பிறகு மூடிகளைத் திறந்துவைத்து, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் முழுவதும் உலரத் தொங்கவிட வேண்டும். ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகுவது கஷ்டம். உலர நேரம் வேண்டுமாதலால் இரண்டு பைகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உபயோகிப்பது சௌகரியம். மாட்டுவதற்கு முன் நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிடலாம். பிளீச் கிடைக்காத இடத்தில் வெள்ளை வினிகர் ஒரு பங்கும் தண்ணீர் மூன்று பங்கும் கலந்து இருபது, முப்பது நிமிஷம் ஊறவைப்பது இன்னொரு முறை. நாற்றத்தை நீக்குவதில் வினிகர் கெட்டிக்காரன். கிருமியைக் கொல்வதில் பிளீச்சுக்கு அடுத்தபடிதான்.

பினாயிலும் டெட்டாலும் வேண்டாம். பிளீச்சிங் பவுடரைக் கரைத்தால் சுண்ணாம்பு மண்டி தங்கும், அதுவும் வேண்டாம். சலவைக் கடைச் சரக்கான வாசனையில்லாத திரவப் பிளீச்தான் உகந்தது. பை பழுப்பேறினாலும், விறைத்தாலும், வெடிப்புக் கண்டாலும், கழுவியும் நாற்றம் போகாவிட்டாலும் நாள் கணக்குப் பாராமல் எறிந்துவிட வேண்டியதுதான். முன்னொருவருக்கு உபயோகித்த பையை இன்னொருவருக்கு ஒருபோதும் மாட்டலாகாது. பையில் நீர் நிற்கும்போதே உள்ளே மருந்து நீரைக் கலந்துவைப்பதும் பயனில்லாத வேலை.

இன்னொரு ஜாக்கிரதை. இதைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லலாமா என்று யோசித்தோம். பிளீச்சையும் வினிகரையும் சேர்க்கவே கூடாது. கழிவறை துலக்கும் ஆசிட்டுடனும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுப் புகை கிளம்பும். முதல் உலக யுத்தத்தில் 1915-இல் சிப்பாய்களைக் கொன்ற அதே புகை. சாளரமில்லாத சிறு குளியலறையில் அது விளையாட்டல்ல. பழைய மூத்திரத்தில் அம்மோனியா இருக்கும்; அதனுடன் பிளீச் கலந்தாலும் கெட்ட ஆவி உண்டாகும். அதனால்தான் முதலில் வெறுந்தண்ணீரால் அலசச் சொன்னது. 'இரண்டையும் விட்டால் இரட்டிப்புச் சுத்தம்' என்று எண்ணும் சிரத்தையுள்ள சகோதரிகளுக்கே இதை முக்கியமாகச் சொல்லுகிறோம்.

குளோரின் என்றதும் நம் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. தூத்துக்குடிக்குப் போகும் சாலையில் ஆறுமுகநேரியைத் தாண்டும்போது இரு மருங்கும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தெரியும். அருகே சாகுபுரத்தில் டி. சி. டபிள்யூ. ஆலை இருக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடாவும் மறு பக்கம் குளோரினும் பிரியும். இவ்விரண்டையும் மறுபடி சேர்த்தால் பிளீச். குளோரினை எண்ணெயிலிருந்து வரும் எத்திலீன் போன்ற பொருளுடன் சேர்த்துப் பக்குவம் செய்தால் பி. வி. சி. பிளாஸ்டிக், அதன் எடையில் பாதிக்குமேல் குளோரின்தான். மூத்திரப் பைகள் பெரும்பாலும் பி. வி. சி.யால் ஆனவை. ஆக, பையும் உப்பின் குழந்தை, பையைக் கழுவும் நீரும் உப்பின் குழந்தை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது ஒருவன் எழுந்து, "அப்போ மூத்திரத்திலும் உப்பு இருக்கே, சார்!" என்றான். வகுப்பு சிரித்து அடங்கக் கால் மணி ஆயிற்று. அவன் சொன்னது சரிதான்.

நிற்க. நாமே செய்த ஒரு பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழாயைக் குறித்த காலத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். ரப்பர்க் குழாயானால் சுமார் நான்கு வாரம், முழுவதும் சிலிக்கோனால் ஆனதானால் பன்னிரண்டு வாரம் வரை என்பது பொதுக் கணக்கு. அதற்காகப் பெரியவரைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போக நேர்ந்தது. மகன் வெளியூரில் இருந்தபடியால் நாம் துணைக்குப் போனோம். காரிலிருந்து அவரை இறக்கி, கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போகையில், பையை நம் கையில் வாங்கிக்கொண்டோம். குளுக்கோஸ் பாட்டிலை உயரப் பிடித்துக்கொண்டு போவதைச் சினிமாவிலும் ஆஸ்பத்திரியிலும் பார்த்த பழக்கம்! நாமும் அவர் தோளுக்கு மேலே வெகு பவித்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் காரிலும் அதை அவர் மடியில்தான் வைத்திருந்தோம். நீண்ட வராந்தாவின் பாதியில் ஒரு நர்ஸ் ஓடிவந்து, "ஐயா, கீழே இறக்குங்கள்! இது ஏற்றுகிற பாட்டில் இல்லை, இறங்குகிற பை!" என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

அன்று இரவே பெரியவருக்குப் பல் கிட்டும் குளிர் ஜுரம். நான்கு நாள் வார்டில் கிடந்தார். இரத்தத்தில் விஷம் ஏறும் வாசல்வரை போய்த் திரும்பினார் என்று டாக்டர் சொன்னார். பையை உயர்த்தியதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. குழாய் மாற்றும்போதும் ஜுரம் காண்பதுண்டு என்றார். நம்மைச் சமாதானப்படுத்தவே அப்படிச் சொன்னாரோ என்னவோ. பையில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருந்தாலும், அதை நம்பி மேலே தூக்குவது பிசகு. குழாயில் நிற்கும் நீரும் திரும்பி உள்ளே போகும். அந்த நான்கு இரவுகளும் நமக்கு நல்ல தூக்கம் இல்லை.

ஆகவே: பை எப்போதும் மூத்திராசயத்துக்குக் கீழேயே இருக்கட்டும், ஆனால் தரையில் படவேண்டாம். கட்டிலின் அசையாத சட்டத்தில் கொக்கியிட்டு மாட்டலாம். பாயில் படுக்கிறவர்களுக்குத்தான் சிரமம்; அவர்களுக்கு ஒரு தாழ்ந்த கயிற்றுக் கட்டிலாவது வேண்டும். குழாய் மடங்காமலும் நோயாளியின் உடம்பின்கீழ் நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு லிட்டர்ப் பையானாலும் முக்கால் பங்கு நிறையுமுன் வடித்துவிட வேண்டும். நிறைந்த பையின் கனம் உள்ளே பலூனை இழுத்துப் புண்ணாக்கும். குழாயைத் தொடையில் பட்டையிட்டு ஒட்டி வைப்பதும் இதற்காகவே. அடிக்குழாயின் நுனி வடிக்கும் பாத்திரத்தைத் தொடாமல் இருப்பது நலம்.

ஜுரத்துக்குப் பிறகு வேறொரு நாள் மருமகள் போனில் அழைத்தாள். "சார், பை முழுவதும் ஊதாவாகி இருக்கிறது! இரத்தமா, வேறு ஏதாவதா?" என்று நடுங்கினாள். நாமும் திகைத்துப் போனோம். டாக்டர் நண்பர் சிரித்தார். 'ஊதாப் பை' என்று இதற்கு வைத்திய நூல்களில் பெயரே இருக்கிறது. 1978-இல் முதன்முதலாக எழுதப்பட்டதாம். நாம் உண்ணும் உணவிலுள்ள ஒரு சத்தைக் குடலில் உள்ள கிருமிகள் மாற்ற, ஈரல் அதை மேலும் மாற்றி மூத்திரத்தில் விட, அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதை நீலமும் சிவப்புமான இரண்டு சாயங்களாகப் பிரிக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஊதா. அந்த நீலம் எது தெரியுமோ? அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அதே நீலம்! எந்தச் சாயத்துக்காகச் சம்பாரண் விவசாயிகள் கசக்கிப் பிழியப்பட்டார்களோ, எதற்காக 1917-இல் காந்தியடிகள் அங்கே போனாரோ, அது ஓய்வுபெற்ற தபால்காரரின் பையில் தானாக விளைந்திருக்கிறது.

நிறம் பயப்படத்தக்கதன்று, ஆனால் அது இரண்டு செய்திகளைச் சொல்லுகிறது. கிருமிகள் இருக்கின்றன என்பது ஒன்று. மலச்சிக்கல் இருக்கக்கூடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. மலக்குடல் நிறைந்தால் அது மூத்திர வழியையும் குழாயையும் அழுத்தி நீரைத் தடுக்கும். குழாய் அடைத்துவிட்டது என்று எண்ணிப் பதறுவோம். பழுது வேறிடத்தில் இருக்கும். நம் ஜில்லாக்களில் விளையும் நிலாவரை 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து உலகமெல்லாம் பேதி மருந்தாகப் போகிறது. அது முளைக்கும் மண்ணிலேயே ஒரு கிழவர் மலச்சிக்கலால் அவதிப்பட்டார். டாக்டரைக் கேட்டு, கீரையும் பழமும் தண்ணீரும் கூட்டியதில் பெரியவருக்கு நிலாவரை தேவைப்படவில்லை.

தண்ணீர் விஷயத்தில் அவர் ஒரு தந்திரம் செய்துகொண்டிருந்தார். மருமகள் பையை வடிக்க வேண்டியிருக்கிறதே என்ற சங்கோசத்தினால், குடிப்பதையே குறைத்துவிட்டார்! நம் வீட்டுக் கிழவர்கள் அநேகர் இப்படித்தான். மூத்திரம் தடித்தால் குழாயில் உப்புப் படிந்து அடைபடும். புரோட்டியஸ் என்ற ஒரு வகைக் கிருமி இருந்தால் இன்னும் விரைவில் கல்போலப் படியும். டாக்டர் தடுக்காவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். நம்மவருக்கு இருதய நோய் ஆதலால் டாக்டர் ஓர் அளவு குறித்துக் கொடுத்தார்.

பையைப் பார்த்துப் பயப்பட வேண்டியது எப்போது, வேண்டாதது எப்போது என்பதையும் சொல்லிவிடுகிறோம். குழாய் வைத்த ஒவ்வொரு நாளும் நூற்றில் மூன்று முதல் ஏழு பேருக்குக் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் சென்றால் அநேகமாக எல்லாருக்கும் இருக்கும். ஆகவே மூத்திரம் கலங்கலாக இருக்கிறது, பரீட்சையில் கிருமி தெரிகிறது என்பதற்காக மட்டும் மாத்திரை விழுங்குவது தவறு. மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதே அதன் பலன். குளிர் ஜுரம், அடிவயிற்றிலோ விலாவிலோ வலி, இரத்தம், திடீரென்று புத்தி தடுமாறுதல் இவை கண்டால் தாமதிக்கலாகாது. இரண்டு மூன்று மணி நேரம் பையில் ஒரு சொட்டும் விழாமல் அடிவயிறு விம்மினால், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் மேற்பாகத்தில் அடிபட்டவர்களுக்கு இப்படி அடைபட்டால் இரத்த அழுத்தம் குபீரென்று ஏறி, தலைவலியும் முகத்தில் வியர்வையும் காணும். அது பிராணாபத்து.

முதுகெலும்பு என்றதும், உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாம் உண்ணும் கருப்பட்டிக்காக மரமேறித் தவறி விழுந்தவர்கள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்று வருஷக் கணக்கில் குழாயுடன் கிடப்பதுண்டு. கிழவர் ஒருவரின் கதையாக இதை முடித்துவிடலாகாது. முதல் உலக யுத்த காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் மூத்திரக் கிருமியாலும் படுக்கைப் புண்ணாலும் சில மாதங்களில் இறந்தார்கள். இன்று நிலை அப்படியன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் தாமே கால்கள் இயங்காமற்போய், சக்கர நாற்காலியிலிருந்தே சிகிச்சை செய்து, பிறருக்காக மறுவாழ்வுப் பிரிவை வளர்த்தார். 1966-இல் அதற்கெனத் தனி நிலையம் ஏற்பட்டது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இத்தகைய இடங்களில் பையே இல்லாத வழியும் கற்பிக்கிறார்கள். 1972-இல் அமெரிக்காவின் ஜாக் லாபிடெஸ் எடுத்துச் சொன்ன முறை அது: நோயாளி தாமே சில மணிக்கொரு தரம் சுத்தமான குழாயை விட்டு நீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. கை இயங்குகிறவர்களுக்கு அது பெரும் விடுதலை. குழாய் இன்னும் தேவைதானா என்று ஒவ்வொரு தடவையும் டாக்டரைக் கேட்க நோயாளிக்குப் பாத்தியதை உண்டு. கேட்டால் கோபிக்கிற டாக்டரை மாற்றிவிடலாம்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடுகளும் இல்லாமலில்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த் தணிப்புச் சங்கத்தின் வழியில், கேரளத்தில் அண்டை அயலாரே இந்தக் கைவேலையைக் கற்றுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையிலிருப்போருக்கான கவனிப்பும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி தெரியும். நம் மருமகப்பெண் விசாரித்தாள். ஒரு நர்ஸ் வந்து காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

பெரியவரின் மனச்சங்கடம்தான் பாக்கி இருந்தது. தீட்டு என்று அவர் பிடிவாதமாக இருந்தார். நாம் சாஸ்திரம் அறியோம், வாதிக்கவில்லை. "அண்ணாச்சி, தமிழில் உள்ளே இருப்பதற்கும் சிறுநீர்ப்பை என்றுதான் பெயர், வெளியே தொங்குவதற்கும் அதுதான் பெயர். உள்ளே இருக்கிறதை எல்லாரும்தானே கோயிலுக்குள் கொண்டுபோகிறார்கள்?" என்று மட்டும் கேட்டோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "இலக்கண வாத்தியார் சொல்ல வேண்டியதை நீர் சொல்லுகிறீர்" என்றார்.

பத்து நாள் கழித்து, விடியுமுன் சந்நிதித் தெருவில் அவரைக் கண்டோம். வேஷ்டிக்குள்ளே கெண்டைக்காலில் சிறு பை. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கடலில் முழுக டாக்டர் இடங்கொடுக்கவில்லையாம். வீட்டிலேயே குளித்துவிட்டு, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். திரும்பும்போது பன்னீர் இலையில் மடித்த விபூதியை நம் கையில் கொடுத்து, "மருமகளுக்கு ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்" என்றார். அவர் வீட்டுப் பின்கட்டைக் கடந்துதான் நாம் பள்ளிக்கூடம் போவது. கொடியில் ஓரமாக, துணிகளுக்கு அப்பால், பெரிய பை தலைகீழாக உலர்ந்துகொண்டிருந்தது.

படுக்கைப் புண்ணைப் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.